ஐந்நூறு நாள்

புதுவயல் அரிசி ஆலையில் எனக்கு நாள் கூலி முந்நூற்றைம்பது.
அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி
காலால் கோடு கோடாய்க் கிளறிவிடுகிற வேலை.
பதம் பார்க்க நாலு மணியைப் பல்லில் வைப்பேன்.
நொறுங்கினால் காய்ந்துவிட்டது.
அமுங்கினால் இன்னும் ஒரு வெயில்.

விவசாயம் படிக்கப் போகிறேன் என்று சிந்துஜா சொன்னதை
ஆலையில் சொன்னேன். களமே சிரித்தது.
"நெல்லை விட்டு ஓடத்தானக்கா புள்ளைகளைப் படிக்க வைக்கிறோம்"
என்றான், மூட்டை தைக்கிற அடைக்கலம்.
இதையும் அவளிடம் சொன்னேன்.
சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்,
தட்டை வழித்துவிட்டு எழுந்தாள்.

முதலில் பார்க்கப் போன கல்லூரிக்கு
வாசலிலேயே நீரூற்று.
எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.
ஏசி அறையில் பிஸ்கட் தந்தார்கள்,
என்னை மேடம் என்றார்கள்.
பிறந்ததிலிருந்து யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
கல்லூரி வண்டி எங்கள் முக்கு வரைக்கும் வருமாம்.
வருசத்துக்கு ஒன்றே முக்கால் லட்சம். விடுதி தனி.

சிந்துஜா ஒன்றே ஒன்று கேட்டாள்:
"சார், போன வருசம் உங்க பண்ணையில எது பொய்ச்சுப் போச்சு?"
"இங்க எதுவுமே பொய்க்காதும்மா"
என்று கண்ணாடி அலமாரியில் இருந்த கோப்பைகளைக் காட்டினார்.
அவர் தலைக்குப் பின்னால் ஜன்னல்.
ஜன்னலுக்கு வெளியே, பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள்
சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்கள்.

திரும்பும் பஸ்ஸில் விரல் மடக்கிப் பார்த்தேன்.
ஐந்நூறு நாள் கூலி.
ஒரு வருசத்தில் அத்தனை நாள் இல்லை.

இன்னொன்று அரசுக் கல்லூரி.
தேவகோட்டை போய், அங்கிருந்து மறு பஸ்,
இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை.
கருவேலத்தைத் தூரோடு பிடுங்கிய செம்மண் பொட்டல்,
கொஞ்சம் தோண்டினால் செம்புறாங்கல்.
சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது.
பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை,
நான் வெளியே நின்று பிடித்துக்கொண்டேன்.

தலையில் துண்டு கட்டி வந்த டீச்சரிடம்
அதே கேள்வியைக் கேட்டாள்.
அந்தம்மா பதில் சொல்லவில்லை. "வாங்க" என்று நடந்தார்.
அரை ஏக்கர் சும்மா கிடந்தது.
கம்பத்தில் வேரோடு கட்டித் தொங்கவிட்ட
காய்ந்த கடலைச் செடிகள்.
பக்கத்தில் பலகை:
விதைத்த நாள், பெய்த மழை, நோய் தண்டழுகல்,
கைவிட்ட நாள்.
அடியில் பிள்ளைகளின் கோணல் எழுத்தில்
"விதை நேர்த்தி செய்யாதது எங்கள் தவறு. மூன்றாம் ஆண்டு."

"இதைப் போய் ஏன் வச்சிருக்கீங்க?" என்றேன் நான்.
"அடுத்த செட்டு பார்க்கணும்ல."

சிந்துஜா ஒரு செடியை இழுத்துத் தண்டை முகர்ந்தாள்.
நகத்தால் கீறினாள். மறுபடி முகர்ந்தாள்.
நான் நெல்லைக் கடிக்கும்போது
என் முகமும் இப்படித்தான் இருக்குமோ என்னவோ.

கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து
நூற்று முப்பது நாளுக்குள் அடங்கியது.
ஆனால் போன வருசக் கட்-ஆஃபுக்கு
இவளுக்கு அரை மார்க் குறைகிறது.

விருப்பப் பட்டியல் போட வேண்டிய நாளில் மழை.
மழை என்றால் நெல்லைத் தார்ப்பாயால் மூடிவிடுவார்கள்,
எங்களுக்குக் கூலி கிடையாது.
அதனால்தான் காரைக்குடி கம்ப்யூட்டர் சென்டருக்கு
நானும் கூடப் போக முடிந்தது.

தாழ்ப்பாள் இல்லாத கல்லூரியை முதலில் போட்டாள்.
இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் அரசு.
"கடைசியா அந்த நீரூத்துக் காலேஜையும் போட்டு வை" என்றேன்.
அரை மார்க் என்னைப் பயமுறுத்தியது.
மேடம் என்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவள் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"ஐநூறு நாள்மா" என்றாள்.

அந்தக் கணக்கை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

சென்டர்காரப் பையன் சமர்ப்பிக்கவா என்று கேட்டான்.
வெளியே கூரைத் தகரத்தில்
மழை இன்னும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.
நாளைக்கும் வேலை இருக்காது.