தலைவலை

போன சீசனில் காவேரிப்பட்டணம் கூழ் ஆலையில்
சல்லடையில் ஒரு முடி.
நாலாயிரம் கிலோ பெங்களூரா காத்துக் கிடக்க
எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார் திம்மராயன் சார்.
வலையைக் கழற்றச் சொல்லி
ஒவ்வொரு தலையாகப் பார்த்து வந்தவர்
என்னிடம் வந்ததும் சிரித்தார்.
"நீ போப்பா, வேலையப் பாரு."

முப்பத்தோரு வயது.
அவ்வளவு சீக்கிரம் யாரையும்
நிரபராதி என்று விட்டிருக்க மாட்டார்கள்.

போர் தண்ணீர் என்றாள் பரிமளா.
ஹெல்மெட் என்றான் பங்க் பையன்.
இந்த வலைதான் என்று நானே நினைத்திருந்தேன்.
தாய்மாமன் தலையைக் காட்டிப் பழியை
அம்மா வீட்டுக்கு அனுப்பினார் அப்பா,
தன் தலைத்துண்டை இன்னும் கொஞ்சம் முன்னே இழுத்துக்கொண்டு.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்து மாடியில்
டாக்டர் நசீமா உச்சியில் கருவியை வைத்துத்
திரையைக் காட்டினார்.
பொட்டல் என்று நான் எழுதிவிட்ட இடத்தில்
பூனைமயிராய், நிறமில்லாமல், நூறு நூறு.
"சாகல. சன்னமாயிட்டே வந்திருக்கு.
ஆண் ஹார்மோன்லேர்ந்து வர்ற டி.எச்.டி.க்கு
உங்க உச்சி கொஞ்சம் அதிகமாவே பணிஞ்சு போகுது.
ரெண்டு வீட்டுலேர்ந்தும் வந்திருக்கலாம்.
தண்ணியும் வலையும் பாவம்."
பின்னந்தலையைத் தட்டினார்:
"இது மட்டும் யாருக்கும் பணியாது."

தினம் ஒரு ஃபினாஸ்டரைடு.
காலை ஒரு மில்லி, இரவு ஒரு மில்லி மினாக்சிடில்.
கேட்கக் கூசியதை அவரே சொன்னார், முகம் மாறாமல்:
"சில பேருக்கு ஆசை குறையும். குறைஞ்சா மறைக்காம வாங்க."
நிறுத்தினால்?
"வந்தது போயிடும்."

இரண்டாம் மாதம் இருந்ததும் கொட்டியது.
தலையணை உறையை வாசலில் உதறிய பரிமளா
ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
போனில் டாக்டர், "பழசு எடத்தக் காலி பண்ணுது, விடாதீங்க."

தையில் மாமரமெல்லாம் பூத்துவிட்டது.
என்னிடம் ஒன்றுமில்லை.
பங்குனியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
நெற்றியோரம் போனது போனதுதான்.
உச்சியில் மட்டும் கைக்குட்டை அளவுக்கு
லேசான இருட்டு.

வைகாசி. மறுபடியும் சல்லடை, மறுபடியும் வரிசை.
என்னைக் கடந்துபோன திம்மராயன் சார்
இரண்டடி வைத்துத் திரும்பி வந்தார்.
குனிந்து பார்த்தார்.
"உன்னுதா?"

போனஸ் கவரை வாங்குவதுபோல்
அந்தச் சந்தேகத்தை வாங்கிக்கொண்டு நின்றேன்,
வாய் கோணாமல் இருக்கப் பல்லைக் கடித்து.

லேபிலிருந்து ஓடி வந்தது சுகந்தி.
"சார், அது கோணி நாரு."

வலையை மாட்டிக்கொண்டேன்,
எதுவும் சிக்கிவிடாமல்,
மெதுவாக.