ஒரு சாண் தள்ளி

லியெபாயா, பழைய கேமராக் கடை.
மழைக்கோட்டுப் பையிலிருந்து
ஸ்கைத்ரீதே எடுத்து வைக்கிறாள்
கடல் துப்பிய பொத்தான் ஒன்றை.

வில்னிஸ் மெகாபிக்சல் கணக்குச் சொல்கிறான்.
அதெல்லாம் இருக்கட்டும்,
இதற்கு எவ்வளவு கிட்டப் போகும்?

முதல் கேமரா
மூக்கு உரசப் போய்
தன் நிழலையே அதன்மேல் போட்டது.
அடுத்தது
மேசைக் கீறலை மட்டும்
அச்சாகப் பிடித்தது.

மூன்றாவது கனம். லென்ஸுக்கு மூடியில்லை.
நினைத்ததைவிட நாற்பது யூரோ கூடுதல்.
ஒரு சாண் தள்ளி நின்றே பார்த்தது:

திரையில் பொத்தான் தட்டளவு விரிய,
நான்கு துளைகளில் ஒன்றில்
நூல்.
இன்னும் முடிச்சோடு.

வில்னிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
மறுபடி மாட்டினான்.
விலைச்சீட்டு அவன் முழங்கைக்கடியில் கசங்கியது.

பையில் வேறேதாவது இருக்கிறதா, என்றான்.