மாக்கூ

அவனுக்கு ஆணை தபாலில் வந்ததாம், மூன்றாவது முறையாக.
எனக்கு வார்டுக்கே வந்தது, பூட்ஸ் போட்டுக்கொண்டு.
அம்மான் போகும் பஸ்ஸில் என் பெயர் இருந்த அன்று
ஜஹ்ராவில், ஒரு பள்ளிக்கூடத்து ஓவிய வகுப்பறையில்
யாரோ ஒருவன் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காதிம். அமாராக்காரன்.
மாட்டு டாக்டருக்கு இரண்டு வருடம் படித்தவன்.
"மாடு உதைக்கும், பொய் சொல்லாது" என்பான்.
முதல் வாரம் நான் அவனோடு பேசவில்லை.
எங்கள் எக்ஸ்ரே மெஷினை லாரியில் ஏற்றியவர்களும்
அதே சட்டைதான் போட்டிருந்தார்கள்.

பிறகு கையுறை தீர்ந்துபோனது.
மிஞ்சிய ஒரு ஜோடியில்
வலது எனக்கு, இடது அவனுக்கு.
அவன் இடது கைக்காரன், நல்லவேளை.
ராத்திரி கழுவிக் கரும்பலகை ஆணியில் காயப்போட்டு
காலையில் சாக்பீஸ் தூள் தடவி
மாட்டிக்கொள்வோம்.

கத்துகிறவனிடம் என் வாய் தானாகச் சொல்லும்:
ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல.
அரபியில் எனக்கு மருந்துப் பெயர் வரும், வசவு வரும்,
ஆறுதல் வராது.
மொசூல் பையன் ஒருவன் அதை மாத்திரை மாதிரிக் கேட்டு வாங்கினான்:
"ஹிந்தி, அதைச் சொல்லு."

காதிம் அர்த்தம் கேட்டான்.
யோசித்துவிட்டுச் சொன்னேன்: மாக்கூ ஷீ.
ஸ்டோர் சார்ஜென்ட் தினமும் எங்களிடம் சொல்வது.
மார்ஃபின்? மாக்கூ.
தையல் நூல்? மாக்கூ.
தண்ணீர்? மாக்கூ, நாளைக்கு வா.

காதிம் சிரித்த சிரிப்பில் ஸ்டவ் அணைந்தது.
"சாகிறவன் காதில் இத்தனை நாளாய்
ஸ்டாக் இல்லை என்றா சொல்லிக்கொண்டிருந்தாய்?"
அதன்பின் அவனும் சொல்லத் தொடங்கினான்,
நாக்கு மடியாமல்: ஒன்னுமில்லா.

கிணறுகள் எரிந்தபோது
பகல் பன்னிரண்டுக்கு லாந்தர் ஏற்றினோம்.
கட்டி முடிப்பதற்குள் பேண்டேஜ் கறுத்தது.
அவன் தலைப் பேன் என் தலைக்கும் வந்திருந்தது.
ஒரே ஒரு பேரீச்சம்பழத்தை பிளேடால் இரண்டாக்கினான்.
கொட்டை யாருக்கு என்று சண்டை,
சப்பிக்கொண்டாவது இருக்கலாமே.

பின்வாங்கிய ராத்திரி லாரிகள் அணைந்த விளக்கோடு நின்றன.
தூக்கி ஏற்ற ஆள் வேண்டும்;
ஆபீசர் என்னையும் கை காட்டினான்.
"இவனுக்கு டைபாய்டு" என்றான் காதிம்,
கண் சிமிட்டாமல்.
என்னைப் படுக்கவைத்து மணிக்கட்டில் அட்டை கட்டினான்.
சவரிமுத்து என்று அவனுக்கு எழுத வராது,
சாபிர் என்று எழுதியிருந்தான்.
லாரியின் பின்கதவிலிருந்து கத்தினான்:
ஒன்னுமில்லா!
எந்த ஒண்ணுமில்ல என்று இருட்டில் தெரியவில்லை.

விடிந்து பார்த்தால் ஆணியில் வலது கையுறை மட்டும்.

இரண்டு நாள் கழித்து முத்லா மேட்டுக்கு
ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் கேட்டார்கள். போனேன்.
எரிந்த வண்டிகளுக்கு நடுவே டூத்பேஸ்ட் பெட்டிகள்,
கவிழ்ந்த ஒரு தையல் மெஷின்.
நான் முகங்களைப் பார்க்கவில்லை.
இடது கைகளாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன்,
வெயில் ஏறும்வரை.

பம்பாயில் இறங்கும்போதும் அட்டை மணிக்கட்டில் இருந்தது.
சுகாதார அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தார்.
என்ன இது, காய்ச்சலா?

ஒண்ணுமில்ல சார், என்றேன்.
அவருக்குத் தமிழ் தெரியாது.