மூன்று நிமிடம் நாற்பது நொடி

வாரம் ஒரு அத்தியாயம், நூற்று நாற்பது நிமிடம்.
பேச்சு ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம்.
மிச்சமெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பது.
நிற்பவர்களின் காலடியில் ஓடும் தண்ணீர்
என் வேலை.

காதிகோயில், மீன்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஜன்னலில் முட்டை அட்டை ஒட்டியும்
ஐந்தே முக்கால் படகின் சங்கு உள்ளே வந்துவிடும்.
பதினோராம் அத்தியாயத்தில், மாமியார் விஷம் கலக்கும் இடத்தில்,
கூர்ந்து கேட்டால் அது இருக்கிறது.
யாரும் கேட்கவில்லை.
விட்டுவிட்டேன்.

கணினியில் என் கோப்புகள்:
சந்தேகம் 4.
சந்தேகம் 4, கொஞ்சம் மெதுவாக.
தாய் அழுகிறாள் 9.
தாய் அழுவதுபோல் நடிக்கிறாள் 2.
கதவு. மறுபடியும் கதவு.
ஜெஸ்மிக்குப் பிடித்துப் பிறகு பிடிக்காமல் போனது.

ஜெஸ்மி இயக்குநர். இரவு ஒரு மணிக்கு அழைப்பார்.
"மெஹ்வெஷ் ஹனிம், இன்னும் ஈரம் வேண்டும்."
எத்தனை லிட்டர் என்று நான் கேட்டதில்லை.
கர்பிஸை எழுப்புவேன்.
பகலில் குர்துலுஷில் பல் பிடுங்குகிறவர்,
இரவில் துடுக் குழல் ஊதுகிறவர்.
மனைவி தூங்குவதால் குளியலறையில் நின்று ஊதி
தொலைபேசியில் அனுப்புவார்.
ஓடு பதித்த அந்தச் சுவரின் எதிரொலியை
ஆறு நாடுகளில் அனடோலிய மலைக்காற்று என்று நம்பினார்கள்.

என்னோடு படித்த ஃபிக்ரெத் பெர்லினில் இருக்கிறான்.
எட்டு வருடத்துக்கு ஒரு நால்வர் இசை.
"நீ ஒரு வாரத்தில் எழுதுவதை நான்..." என்று தொடங்குவான்.
நல்லவன், முடிக்கமாட்டான்.
எனக்கும் ஒன்று உண்டு, இரண்டாம் பாகம் வரை.
அதன் மெதுவான பகுதியை
முப்பதாம் அத்தியாயத்தின் கார் விபத்துக்குக் கொடுத்துவிட்டேன்.
பிரேக் சத்தத்தோடு நன்றாகவே பொருந்தியது.

நாற்பத்தொன்று.
புதன் இரவு முதல் பாதி ஒளிபரப்பாகிறது,
இரண்டாம் பாதிக்கு நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
இது விபத்தல்ல, வழக்கம்.
மேல்வீட்டு ஷாஜியே ஹனிமின் தொலைக்காட்சியிலிருந்து
மதியம் நான் முடித்தது கூரை வழியே சொட்டுகிறது.
அதையே திரும்ப எழுதிவிடாதிருக்க
ஒரு காதைப் பொத்திக்கொண்டு எழுதுகிறேன்.
பத்து ஐம்பதுக்கு இணையம் அறுந்தது.
தொண்ணூற்றிரண்டு சதவீதத்தில் கோப்பு நின்றது.

காட்சி அப்படியே போயிற்று.
பிணவறை. மகன் அப்பாவின் காலுறையைச் சரிசெய்கிறான்.
குழல்விளக்கின் ரீங்காரம். துணி உரசுவது.
நடிகன் மூக்கை உறிஞ்சுவது. அதை மூடத்தான்
எப்போதும் ஒரு செல்லோவைப் போடுவேன்.
மேலே தேநீர்க் கரண்டி சுற்றுவது நின்றிருந்தது.
இரண்டு வருடமாக என் தலைக்கு மேல் வாழ்கிறவள்,
அன்றுதான் அங்கே ஒரு ஆள் இருப்பது எனக்குக் கேட்டது.

காலையில் ஜெஸ்மி:
"இதைத்தான், இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்."
நன்றி என்றேன்.

உரிமைச் சங்கத்துக்கான படிவத்தில்
அந்த வரியையும் நிரப்பினேன்.
தலைப்பு: காலுறை.
நீளம்: மூன்று நிமிடம் நாற்பது நொடி.
கருவிகள் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது.
தனி, என்று எழுதினேன்.
பணம் வந்தது, மற்றவற்றுக்கு வந்த அதே விகிதத்தில்.
ஏழு மாதம் கழித்து சிலியிலிருந்துகூட,
படகுத்துறையில் ஒரு மீன் ரொட்டி வாங்கும் அளவுக்கு.

அதற்குள் நாற்பத்திரண்டு வந்துவிட்டிருந்தது.
இரவு ஒரு மணி. ஜெஸ்மி.
"போன வாரம் போட்டீர்களே, அதே மெட்டு.
இந்தத் தடவை இரண்டு மடங்கு நீளம்.
கொஞ்சம் ஈரமும்."

கர்பிஸை எழுப்பினேன்.
குளியலறைக்குப் போய், ஊதாமல் நின்று,
ஏழு நிமிடம் இருபது நொடி பதிந்து அனுப்பச் சொன்னேன்.
சற்று நேரம் பேச்சில்லை.
பிறகு கேட்டார்,
குழாய் சொட்டுகிறது, பரவாயில்லையா?