ஏழாவது பாட்டு, இரண்டாவது சரணம்

முகூர்த்த நாள் ராத்திரி இரண்டு பத்துக்கு
பெருந்துறை பைபாஸ் பேக்கரியில்
மூன்று வேன், மூன்று குழு, மூன்று பேஸ் கிடார்.
கீபோர்டுக்காரர்கள் சீட்டில் சுருண்டுவிட்டார்கள்.
பாடினவர்கள் காரில் போயாயிற்று.
பாடினவர்கள் எப்போதும் காரில்தான் போவார்கள்.

அந்தியூர் சென்னியப்பன் கம்பி மாற்றி நாலு வருசம்.
"புதுக்கம்பி தகரமாட்டக் கத்துமுங்க.
கையழுக்கு ஏறோணும்,
அப்பத்தான் சத்தத்துக்குச் சதை புடிக்கும்."
கருமத்தம்பட்டி ஜெசிந்தா ரெண்டு மாசத்துக்கொருக்கா மாற்றுகிறவள்.
பழசை வெந்நீரில் போட்டெடுத்தால் போதுமே என்றேன்.
"அதென்னங்க கொள்ளா, வேக வெக்கறதுக்கு?"

நாலு கம்பியா, அஞ்சு கம்பியா என்று
அடுத்த டீ ஆறியது.
என் கட்சி நாலு.
அஞ்சாவது, கட்டைவிரல் சாய்த்துக்கொள்ள நல்ல இடம்.

பல்லடத்தில் தறிக்குடோனை ஒட்டிய மண்டபம்;
ஆம்ப்பைப் போட்டதுமே கரண்ட் முனகியதாம்.
தடித்த கம்பி, மூணாவது ஃபிரெட்,
அதற்கும் ஒரு நூல் மேலே.
ஒயரை மாற்றிப் பார்த்து அலுத்த சென்னியப்பன்
கிடாரைக் கரண்ட்டுக்குச் சுருதி சேர்த்தார்,
கீபோர்டையும் ஏற்றச் சொன்னார்.
அன்றைக்கு முழுக்க மின்வாரியம் தம்புரா போட்டது.
பில் பொண்ணு வீட்டுக்கு.

ஃபோனில் எடுத்த வீடியோக்களில்
நான் அசைகிறேன், அவ்வளவுதான்.
பூவாத்தா ஒருநாள் கேட்டாள்:
"நெசமாலுமே வாசிச்சீங்களா,
சும்மா நின்னுட்டு வந்தீங்களா?"

இவர்களிடம் நான் சொல்லாதது ஒன்றிருக்கிறது.
கோவையில், ராமநாதபுரத்து மாடியொன்றில்,
பக்திப்பாட்டு சிடி, எட்டுப் பாட்டு, ஒரே பகல்.
ஏழாவது பாட்டு, இரண்டாவது சரணம்,
பசி.
விரல் ஒரு ஃபிரெட் தள்ளி விழுந்தது.
எஞ்சினியர் நிமிரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.
அறுநூறு ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்கப்புறம் பதினெட்டு வருசம்
எங்களூர் மலைக்கோயில் கூம்பில், விடிகாலை அஞ்சுக்கு, அதே பாட்டு.
கூம்புக்குத் தொண்டை உண்டு, வயிறு கிடையாது.
என் தப்பு அதற்குள் நுழைய வழியில்லை.
நன்றாகத் தூங்கினேன்.

போன தைப்பூசத்துக்குத்தான்
திருப்பூர் பனியன்காரர் ஒருவர் உபயம்:
பதினெட்டு இன்ச் சப் ரெண்டு,
முருகனைவிடப் பெரிதாய் உபயதாரர் பேர்.
மறுநாள் அஞ்சு மணி.
பாயில் கிடந்தபடி கேட்டேன்,
ஓட்டுக்கூரைகள் மேல், கட்டுத்தறி மேல், சோளத்தட்டுப் போர் மேல்
அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்தது.
ஜன்னல் கண்ணாடி
அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் அதிர்ந்தது.

இப்போது ஜெசிந்தா பன்னைப் பிய்த்துக்கொண்டே சொல்கிறாள்:
"மலைக்கோயில் பாட்டொண்ணு இருக்குதுங்க.
ரெண்டாவது சரணத்துல பேஸ் ஒரு படி எறங்கி நிக்கும்.
முப்பது தடவ கேட்டிருப்பேன். யார் வாசிச்சதுன்னு
அட்டையில பேரே போடல."
"அது தப்பு" என்றார் சென்னியப்பன்.
"தப்புன்னா தடுமாறும். இது நிக்குது."
"தப்பும் நிக்கும். எங்க மச்சான் நிக்கல, எலக்சன்ல?"

அவள் உறையைத் திறந்தாள்.
ஆம்ப் கிடையாது;
கிடாரின் தலையைப் பேக்கரி ஷட்டரில் சாய்த்து
அந்த நாலு அளவை மட்டும் வாசித்தாள்.
தகரம் முழுக்க ஏறி நின்றது அது.
உள்ளே தட்டில் அடுக்கியிருந்த டம்ளர்கள்
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.
டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார், லாரிதானோ என்று.

"நீங்க சொல்லுங்க, தப்பா, சரியா?"

"இன்னொருக்கா வாசிங்க" என்றேன்,
டீக்கு யார் காசு கொடுப்பதென்று
தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.