ஈரப்பதம் இருபத்திரண்டு

அந்தச் சொல்லுக்கு இந்தப் பக்கம் வேலை அதிகம்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறேன்.
தகரக் கொட்டகை, ஆடும் மேசை,
ஒரு பிடி நெல்லை விழுங்கிவிட்டு
எண்ணை மட்டும் துப்பும் கருவி.
பதினேழு வரை எடுக்கலாம்.

"இருபத்திரண்டு" என்றேன்.
ஜெபமாலை கேட்கவில்லை,
மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார்.
"காஞ்சிருக்கு சார். நீங்களே ஃபீல் பண்ணிப் பாருங்க."

விட்டேன்.
மேலே வெயில். அடியில்
அழுது துடைத்த கன்னம்போல் ஒரு குளிர்ச்சி.
"ஃபீல் பண்ணாதீங்க, நாளைக்கு வெயில் அடிக்கும்."

ஒரே சொல்தான்.
அவர் சொன்னால் தொடு.
நான் சொன்னால் தொடாதே.

தராசுக்காரர் தனராசுக்கு அரைநாள் விடுப்பு வேண்டுமென்றால்
லேசாகக் காய்ச்சல் 'ஃபீல்' வரும்.
லாரி டிரைவருக்கு இந்த வருஷம் பொங்கல் ஃபீலே இல்லை,
அது ஏதோ கிழக்கிலிருந்து வரவேண்டிய காற்று மாதிரி
வானத்தைப் பார்த்துச் சொல்கிறார்.
"மாமா ஃபீலிங்ல இருக்காரு, கிட்ட போவாதே" என்றால்
குடித்திருக்கிறார்.

ஃபீலிங் என்றால் துக்கம்.
வாலில் ஒரு 'ஸ்' ஒட்டினால் காதல்.
கூத்தாநல்லூரிலிருந்து ஷமீமா அனுப்பியிருந்தாள்:
உன் மேல எனக்கு அந்த ஃபீலிங்ஸ் இல்ல.
கீழேயே, ஒரு நிமிஷம் கழித்து:
ஃபீல் பண்ணாத.

பன்மையை எடுத்துக்கொண்டு
ஒருமையையும் வேண்டாம் என்கிறாள்.

தமிழில் எழுதியிருந்தால் வலித்திருக்காதோ?
உணர்வு என்றால் மைக் தேவைப்படுகிறது.
உணர்ச்சி, மன்னார்குடி ஆஸ்பத்திரியில்
பாதத்தில் ஊசியால் குத்திக் கேட்பது:
இருக்கா, இல்லையா?

இருந்தது.

மறுநாள் வெயில் அடிக்கவில்லை.
சாயங்காலம் பாமணியாற்றுப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது.
களத்தில் குவித்த நெல்லைச் சுற்றி
ஜெபமாலை தார்ப்பாயோடு ஓடிக்கொண்டிருந்தார்.
நான் செல்போனைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

"என்ன சார், ஒரு மாதிரியா இருக்கீங்க?"

ஒரு மாதிரி.
எந்த மாதிரி என்று இதுவரை யாரும்
யாரிடமும் கேட்டதில்லை.

"ஒண்ணுமில்லை" என்றேன்.
"அப்ப இந்த மூலையப் புடிங்க."

பிடித்தேன்.
முதல் தூறல் தார்ப்பாயில் விழுந்தது.
ஒவ்வொரு சொட்டும்
கைவரை வந்தது.