பார்

தெலுக் பகாங்கிலிருந்து வடமேற்கே
ஒன்றரை மணி நேரம்.
பார் என்போம் நாங்கள்.
பாறையல்ல, இறக்கை.

வலை கிழிந்த அன்று
முடிச்சில் ஒரு பித்தளைப் பொத்தான் வந்தது.
மரியசூசை அதைச் சட்டையில் தைத்துக்கொண்டான்.
மறுவாரம் பிய்த்துக் கடலிலேயே போட்டான்,
காரணம் சொல்லவில்லை.

கெராப்பு அங்கேதான் கொழுக்கும்.
சௌராஸ்தா சந்தையில் கிலோ அறுபது வெள்ளி.

ஜப்பான்காரன் காலத்தில் விழுந்ததாம்.
எட்டுப் பேரோ பதினோரு பேரோ.
முதலில் தீ, பிறகு சத்தம்,
பிறகு கரையில் நின்றவர்கள்
மரவள்ளிக்கிழங்கு அடிப்பிடிக்குமே என்று
வீட்டுக்கு ஓடினார்களாம்.

போன மாதம் ஒருத்தி வந்தாள்,
தன் தாத்தாவின் தம்பியைத் தேடி.
படத்தில் அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை.
காது மட்டும் அவளுடையது.
இடம் தெரியுமா என்றாள்.

படகுக்கு இன்னும் பதினாலு மாதத் தவணை.
தெரியாது என்றேன்.
தேநீருக்கு அவளே காசு கொடுத்தாள்.

இன்றைக்கும் போனேன்.
தூண்டிலை இறக்குமுன்
இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.
நீரோட்டம் பார்க்கிறேன் என்று
தொண்டியிலிருந்து வேலைக்கு வந்த பையனிடம் சொன்னேன்.

நேத்தும் அதத்தானே சொன்னீங்க
என்றான்.